சும்மா இருக்கு

மகனுக்கு ஏழு மாதமாக இருந்தபோது கொட்டாஞ்சேனைக் கிளினிக்குக்கு மொழிபெயர்க்கப் போகத் தொடங்கினேன். அதை வேலை என்று சொல்ல எனக்கு இன்றும் கூச்சம். யாரும் என்னை நியமிக்கவில்லை. நான் கருவுற்றிருந்த காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள மிட்வைஃப். ஐம்பதைக் கடந்தவர், முழங்கால் நோவுக்காரி. எங்கள் ஃபிளட்டின் மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறி வருவார். நான் காப்புறுதி அலுவலகத்தில் இருந்தபோது சிங்களம் பழகியிருந்ததால் அவரோடு தாராளமாகக் கதைப்பேன். கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஏதாவது சொல்வதென்றாலும் என்னையே கூப்பிடுவார். என்னைத் துவே, அதாவது மகளே, என்றுதான் அழைப்பார். பிறகு அவருக்குக் கொட்டாஞ்சேனைக்கு மாற்றலானது. ஒருநாள் தொலைபேசியில், "துவே, இங்கே பாதிப் பேர் தமிழ். நான் கையைக் காட்டிக் கதைக்கிறேன். புதன்கிழமை காலையில் மட்டும் வருவாயா?" என்று கேட்டார்.

சரி என்றேன். நல்ல மனதால் சொன்னேனா, மறுக்கத் தெரியாமல் சொன்னேனா என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை.

செவ்வாய்க்கிழமைகளிலேயே களைப்பு தொடங்கிவிடும். பால் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைக்குக் கஞ்சிக்கு அரிசி ஊறப்போட வேண்டும். மாமிக்குப் பிள்ளையின் தூக்க நேரத்தைச் சொல்ல வேண்டும். அவர் என் கணவர் உட்பட மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் அதைச் சொல்லாதது போலச் சொல்ல வேண்டும். காலையில் காலி வீதியில் பேருந்து பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, இன்னொன்றில் ஏறிப் போய்ச் சேரும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் போலிருக்கும்.

கிளினிக் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீளமான மண்டபம். ஒரு பக்கம் உட்கார நீண்ட வாங்குகள், நடுவே நிறை பார்க்கும் தராசு, மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் வயிறு பார்க்கும் கட்டில். துறைமுகத்தின் பக்கமிருந்து காற்று வந்தால் எண்ணெயும் கருவாடும் கலந்த மணம் வரும். முதல் மாதங்களில் இருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். பெரும்பாலும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். கொழும்பில் தோட்டம் என்றால் செடி இருக்காது. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகளுக்குத்தான் அந்தப் பெயர். கணவன்மார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள். பெண்களில் பலர் வீட்டு வேலைக்குப் போவார்கள். நிறைமாதம் வரை போவார்கள்.

அவர்கள் கேட்பதை மிட்வைஃபுக்கும் மிட்வைஃப் சொல்வதை அவர்களுக்கும் சொல்வதுதான் என் வேலை. மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட முடியுமா என்று ஒருத்தி என் காதுக்குள் கேட்பாள். உள்ளே வைக்கிற லூப் மெல்ல ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாமே என்று இன்னொருத்தி கேட்பாள். நான் முகம் மாறாமல் சொல்லிவிடுவேன். திரும்பும் பேருந்தில்தான், சரியாகச் சொன்னேனா, ஒரு சொல்லைக் கூட்டினேனா குறைத்தேனா என்று மனம் கிடந்து அரிக்கும்.

சிங்களத்தை விடத் தமிழ்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். என் தமிழ் யாழ்ப்பாணத்தது. அவர்களுடையது கொட்டாஞ்சேனைத் தமிழ். முதல் வாரம், கடைசி மாதவிடாய் எப்போது என்று மிட்வைஃப் கேட்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மாதவிடாய்க்குப் பிறகு தலைமுழுகுவதை வைத்து நாசூக்காகக் கேட்பதுபோல, "கடைசியா எப்ப முழுகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"காலைலதான் மிஸ். பைப்புல தண்ணி வந்த நேரம்," என்றாள் அந்தப் பெண்.

பின்னால் வாங்கு முழுக்கச் சிரித்தது. சில வாரங்களுக்கு என்னைக் கண்டதும், "மிஸ், நாங்க முழுகிட்டுத்தான் வந்தோம்" என்பார்கள். அதற்குப் பிறகு எதையும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கப் பழகினேன். பழகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை புழுக்கமாக இருந்தது. மின்விசிறி ஒன்று வேலை செய்யவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வீதி வரைக்கும் நின்றது. வந்தவர்களில் ஒருத்திக்கு இது மூன்றாவது பிள்ளை. ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் முன்னுக்கு. இரண்டு வீடுகளில் துணி துவைத்துக் கொடுக்கிறவள். அவளோடு பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் வந்திருந்தாள். காலையில் இடியப்பம் அவித்து விற்கிற, குரல் பெரிய பெண்.

மிட்வைஃப் தலை நிமிராமலே, "பபா ஹொந்தட்ட தங்கலனவாத?" என்று கேட்டார். வயிற்றில் பிள்ளை நன்றாகத் துள்ளுகிறதா என்பது அதன் பொருள்.

நான் அவளிடம், "பிள்ளை எப்பிடி? அசைவெல்லாம் எப்பிடி இருக்கு?" என்றேன்.

"சும்மா இருக்கு மிஸ்."

எங்கள் ஊரில் யாரையாவது வழியில் கண்டு எப்படி இருக்கிறீர்கள் என்றால், சும்மா இருக்கிறேன் என்பார்கள். குறையொன்றுமில்லை, வழக்கம்போலத்தான் என்று அர்த்தம். நான் மிட்வைஃபிடம், "பிரச்சினை ஒன்றுமில்லையாம்" என்றேன். அவர் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஊதுகுழல் போன்ற அந்தச் சிறு கருவியை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்டார். இதயத் துடிப்பு இருந்தது. தலையை ஆட்டினார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு திரிபோஷா சத்துமாப் பைகள் கொடுக்கும் பக்கம் போனாள். அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள்.

நான் தண்ணீர் குடிக்க வாங்குப் பக்கம் போனபோது இடியப்பக்காரி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவ வயித்துல இருக்கிறது புள்ள இல்லடி, ஃபாதர். ஜெபத்துல உக்காந்துட்டாரு. இனி அசைய மாட்டாரு."

"போ அக்கா. மத்த ரெண்டும் உதைச்சே என்னைக் கொன்னுச்சுங்க. இது தங்கம். நேத்துலேருந்து சும்மா இருக்கு. நானும் நல்லாத் தூங்குனேன்."

கோப்பை என் கையில் அப்படியே நின்றது. இவளுக்குச் சும்மா இருப்பதென்றால் அசையாமல் இருப்பது. குழப்படி செய்யாத பிள்ளையைப் பற்றி ஒரு தாய் சொல்லும் மெச்சல் அது. அவள் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். தமிழில் கேட்டேன், தமிழில் பதில் வந்தது. அதை நான் எங்கள் வீட்டு அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டுபோய்ச் சிங்களத்தில் கொடுத்துவிட்டேன்.

உடனே ஓடிப்போய் மிட்வைஃபிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் அப்படிச் செய்யவில்லை. துடிப்புத்தான் கேட்டதே என்று நினைத்தேன். என் பயத்தை நான் நம்புவதில்லை. என் மகன் வயிற்றில் இருந்தபோது, அவன் கொஞ்சம் அடங்கியிருந்தாலும் குளிர்ந்த தண்ணீர் குடித்து இடப்பக்கம் சரிந்து படுத்து வயிற்றைத் தட்டிக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் கணவரை அலுவலகத்திலிருந்து அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். போன ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை. "முதல் பிள்ளை, அதுதான்" என்று டாக்டர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்கு மறக்காது. இப்போதும் அப்படியொரு வீண் பயமாக இருந்தால், இந்த வரிசையில் நிற்கிற எல்லோருடைய நேரத்தையும் நான் தின்கிறேன்.

அடுத்தவளுக்கு மொழிபெயர்த்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு மிட்வைஃபின் காதருகே குனிந்து, "மிஸ், முதல் வந்தவள் பிள்ளை துள்ளவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். எனக்கு விளங்கியது பிழை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். பேனையை வைத்துவிட்டு, "கூப்பிடு, திரும்பக் கேள்" என்றார்.

அவள் பையோடு திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மிட்வைஃபின் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டு முடிக்குமுன்பே, "இல்ல மிஸ், ஆடுது. நல்லா ஆடுது. இப்பக்கூட ஆடிச்சு" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?"

"ஆடுகிறது என்கிறாள்."

"முதல்?"

"முதல் ஆடவில்லை என்றாள்."

"எது உண்மை துவே?"

எனக்கு எப்படித் தெரியும்? அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல இருந்தது. மிட்வைஃப் அவளைக் கட்டிலில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, சீனி கூடப் போட்டு ப்ளேன் டீ கொடுக்கச் சொன்னார். என்னைப் பக்கத்தில் இருந்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வரிசையைக் கவனிக்கப் போனார்.

திரைக்குப் பின்னால் நானும் அவளும் மட்டும். வயிறு இறுகிச் சூடாக இருந்தது. காத்திருந்தேன். ஒருமுறை என் விரலுக்கடியில் ஏதோ தட்டியது போலிருந்தது. சந்தோஷமாகத் தலையை நிமிர்த்தினேன். பிறகு அது என் விரலிலேயே ஓடும் நாடியாக இருக்கலாம் என்று தோன்றியது. கையை மாற்றி வைத்தேன். ஒன்றுமில்லை.

"மிஸ், என்னை வார்டுல போட்டுறாதீங்க," என்றாள் கூரையைப் பார்த்தபடி.

"ஏன்?"

"போன தடவ அங்க ஊமைச்சி மாதிரிக் கெடந்தேன். அவங்க கேக்கிறதெல்லாத்துக்கும் சரி சரின்னு, அவங்க பாஷையில ஹரி ஹரின்னு தலையாட்டினேன். என்ன கேட்டாங்கன்னே தெரியாது. நோவுதுன்னு சொன்னா ஏசுறாங்களா சமாதானம் சொல்றாங்களான்னும் தெரியல. இந்தத் தடவ வலி வந்தப்புறம்தான் போவேன்."

மிட்வைஃப் வந்து, "ஏதாவது?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அன்று நான் சொன்னவற்றில் எனக்கு நிச்சயமாக இருந்தது அது ஒன்றுதான்.

"தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி," என்று சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கினார். "இன்றைக்கே. வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுப் போகிறேன் என்பார்கள். விடாதே."

அவள் அதையேதான் சொன்னாள். பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தால் வந்துவிடும், கணவன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் சோறில்லை என்றாள். நான் மாறி மாறி இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்கிற எதுவும் அவளுக்குள் போவதாகத் தெரியவில்லை. இடியப்பக்காரி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இவ்வளவு நேரமும் வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

"புள்ளைங்களை நான் பாத்துக்கிறேன்டி. ஒரு நாளு என் சோத்தத் தின்னா செத்துடுவாளுங்களா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கூடப் போங்க மிஸ். தமிழ் பேச ஆள் இருந்தா இவ வருவா. என்ன, லேட்டாப் போனா உங்க வீட்டுல அடிப்பாங்களா?"

கட்டிலில் கிடந்தவள் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து, "வருவீங்களா?" என்றாள்.

வாசலுக்குப் போய் வீட்டுக்கு அழைத்தேன். பின்னால் மகனின் அழுகை கேட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே மார்பு கனத்துப் பால் இறங்கியது.

"போத்தலை வாயில வைக்க விடுறான் இல்லை," என்றார் மாமி. "நீர் எப்ப வாறீர்?"

"ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகோணும் மாமி. கொஞ்சம் பிந்தும்."

"ஆர்? உமக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

"இல்லை."

"பின்னை?"

மகன் இன்னும் உரத்து அழுதான். மாமி அவனைத் தோளில் போட்டுத் தட்டுவது கேட்டது. பிறகு, "கரட் மசிச்சுக் குடுத்துப் பாக்கிறன். கெதியா வாரும்" என்று வைத்துவிட்டார்.

த்ரீவீலரில் பொரளைப் பக்கமிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெரிசல். வெயில் தகரக் கூரைகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஆஸ்பத்திரிக்குள் என்னை எதுவரை விடுவார்கள் என்ற யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. பார்வையாளர் நேரம் தவிர மகப்பேற்று வார்டுக்குள் வேறு யாரும் போக முடியாது. வாசலோடு நின்றுவிடப் போகிறவளை நம்பி இவள் வந்துகொண்டிருந்தாள். கடிதம் இருந்தது. ஆனாலும் யாராவது கேட்டால் இவள் மறுபடி ஹரி ஹரி என்று தலையாட்டிவிடுவாள்.

"அங்க என்னை உள்ள விடாயினம். நான் சிங்களத்தில ஒரு வசனம் சொல்லித்தாறன். ஆர் என்ன கேட்டாலும் முதல் அதைச் சொல்லுங்கோ," என்றேன்.

அவள் முகம் வாடியது. ஆனால் இறங்கிவிடவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

"பபா தங்கலன்னே நே."

"என்ன?"

"பபா தங்கலன்னே நே."

"ஐயோ, தங்கலயா?" அவள் பதறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள தங்கலன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா மிஸ்?"

அது சிங்களத்தில் துள்ளவில்லை என்பதற்கான சொல் என்று விளக்கினேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. அவளுக்கு முதல் பிள்ளைக்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருக்கிறது. அந்தச் சொல்லை எந்த மொழியிலும் சொல்லமாட்டேன் என்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு மொழியில் துள்ளுவது இன்னொரு மொழியில் கலைந்து போகிறது. இதற்கு நடுவில் நான் என்ன செய்வது? கொஞ்சம் யோசித்து வேறு சொல் தேடினேன்.

"சரி, அது வேண்டாம். ஹெல்லென்னே நே. இதைச் சொல்லுங்கோ. பபா ஹெல்லென்னே நே. அசையேல்லை எண்டு அர்த்தம்."

"எல்லனே நே."

"ஹெல்லென்னே."

"ஹெல்லென்னே நே. பபா ஹெல்லென்னே நே."

"எப்பேலயிருந்து எண்டு கேப்பினம். ஈயே இந்தலா. நேற்றிலயிருந்து."

"ஈயே இந்தலா. பபா ஹெல்லென்னே நே. ஈயே இந்தலா."

பள்ளிப்பிள்ளை பாடம் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலில் நான் திருத்தினேன், பிறகு திருத்த எதுவும் இருக்கவில்லை. ஒரு சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றபோது அவள் குரல் மாறியது. சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். வேறு மொழியில் இத்தனை தடவை சொன்ன பிறகுதான் தான் சொல்வது அவளுக்கே கேட்டது போல.

"நெசமாவே ஆடல மிஸ்," என்றாள். "நேத்துக் காலைலேருந்து ஆடவே இல்ல."

சாரதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிங்கள வசனத்தை அவரும் எங்களோடு கேட்டுக்கொண்டுதான் வந்தார். பச்சை விழுந்ததும் ஹோனை அழுத்தியபடி இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் வண்டியை நுழைத்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்து, தெரியாததைச் சொல்லக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

வாசலில் நினைத்தது போலவே என்னை மறித்தார்கள். கடிதத்தைக் காட்டிச் சிங்களத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். ஒரு பெண் சிற்றூழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் அதில் உட்கார்ந்து, திரிபோஷாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதை என்னிடம் தரும்படி கேட்டேன். தரவில்லை. உள்ளே தள்ளிப் போகும்போது திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. வசனத்தை மறக்காமலிருக்கச் சொல்லிப் பார்க்கிறாள் என்று விளங்கியது.

மதில் ஓரத்தில் நிழல் தேடி நின்றேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை, நான் அவளுக்கு யாருமில்லை. சட்டையில் பால் ஊறி வட்டமாகத் தெரிந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பூப்போட்ட ஃபிளாஸ்க்கோடு ஒரு குடும்பம் மாலைப் பார்வையாளர் நேரத்துக்காகக் காத்திருந்தது. போவதா நிற்பதா என்று நின்று, பிறகு பேருந்து ஏறினேன்.

வீட்டில் மாமி வாசலிலேயே நின்றார். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். அவன் அழுது களைத்து, விக்கி விக்கிக் குடித்தான். கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நல்ல வேலைதானே செய்திருக்கிறீர் என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே போய் எல்லாம் சரி என்று கண்டிருந்தால், இரண்டு சின்னப் பெண்களை வேறு வீட்டில் படுக்க வைத்துவிட்டு ஒருத்தியை அவள் பயந்த இடத்தில் வீணாகக் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறேன். சரியில்லை என்று கண்டிருந்தால், பிரச்சினை ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவள் நான். எந்தப் பக்கம் புரண்டாலும் படுக்க முடியவில்லை. என் எண்ணை அவளது கடிதத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். தமிழ் பேசுகிறவர் என்று சிங்களத்தில் பக்கத்தில் எழுதினேன். அதை யாராவது பார்ப்பார்கள் என்று நம்பவில்லை.

காலையில் மகனைக் குளிப்பாட்டிப் பாலுக்கு எடுத்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ்," என்றாள். குரல் ஆழத்திலிருந்து வந்தது. "அறுத்துட்டாங்க."

"பிள்ளை?"

"தெரியல. நான் மயக்கத்துல இருந்தேன். பொம்பளப் புள்ளையாம், அது மட்டும் வெளங்குது. பக்கத்துல இல்ல. எங்கன்னு கேட்டா என்னமோ சொல்றாங்க, எனக்குத் தெரியல. எல்லாரும் புள்ளைய வச்சிருக்காங்க மிஸ், எனக்கு மட்டும் இல்ல. இந்தா, கேளுங்க, நர்ஸ் மிஸ்கிட்டக் குடுக்கிறேன்."

தொலைபேசி கை மாறியது. தாதியின் குரல் அவசரமாக, ஆனால் கடுமையில்லாமல் இருந்தது. நேற்றுப் பின்னேரமே சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். பிள்ளையின் துடிப்பு இறங்கத் தொடங்கியிருந்ததாம், காத்திருக்க முடியவில்லையாம். நிறை குறைவு என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறது. இன்றைக்குத் தாயைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அதற்கு முன் அவள் பால் பிழிந்து தர வேண்டும், அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறோம், அழுகிறாளே தவிர விளங்கவில்லை என்றார்.

நான் அவளுக்குச் சொன்னேன். பிள்ளை இருக்கு, சின்னது, பெட்டிக்குள்ள வச்சிருக்கினம், இண்டைக்குக் காட்டுவினம். ஒவ்வொன்றையும் சொல்லி, என்ன விளங்கினது என்று அவள் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். உயிரோட இருக்கு, பெட்டியில இருக்கு, காட்டுவாங்க.

பிறகு, "அழுதுச்சான்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். அழுதது என்றார் தாதி. சொன்னேன்.

"எப்பிடி அழுதுச்சுன்னு கேளுங்க."

கேட்கத் தயங்கினேன். அங்கே எத்தனை கட்டில்களோ, அவருக்கு எத்தனை வேலையோ. ஆனாலும் கேட்டேன். தாதி பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு சிரித்தார். "எடுத்த உடனே இல்லை, கொஞ்சம் பிந்தித்தான். ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. துடைத்துச் சுற்றிக் கொண்டுபோகும்போது நடைபாதை முழுக்கக் கேட்டது. இது போதுமா?" என்றார்.

அப்படியே சொன்னேன். பிந்தித்தான் என்பதையும் விடவில்லை. மறுபக்கத்தில் எங்கோ ஒரு பிள்ளை அழுதது, அது அவளுடையது அல்ல. என் மடியில் மகன் குடித்துக்கொண்டிருந்தான், குடித்தபடியே என் விரலைப் பிடித்திருந்தான்.

"நர்ஸ் மிஸ் வேற கட்டிலுக்குப் போயிட்டாங்க," என்றாள் அவள். "நீங்களே இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். பிறகு தாதி கேட்டபடி பால் பிழிய, கையைக் கழுவிவிட்டு எங்கே பெருவிரலை வைக்க வேண்டும், எப்படி அமர்த்தி முன்னால் கொண்டுவர வேண்டும் என்று மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை என்றாள். முதலில் வராது, விட வேண்டாம் என்றேன். கோப்பை தட்டுப்படும் சத்தமும் அவள் மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் தொலைபேசியை வைக்கவில்லை.